கிளப் காதல் நாவல்: பைக் பிழையை விடுங்கள், ஓட்டெடுப்பு எங்கே?

கடைசிப்பக்கம் | 04.02.2024, இரவு 9.40

நெவாடா பாலைவனத்தில் நடக்கிற ஒரு மோட்டார்சைக்கிள் கிளப் காதல் நாவலை முக்கால்வாசி படிச்சு மூடி வச்சுட்டேன். நாயகி மருத்துவமனை அவசரப் பிரிவு நர்ஸ். நாயகன் கிளப்பில் சார்ஜென்ட், அதாவது பாதுகாப்புப் பொறுப்பாளர். அவள் எதிரி கிளப் தலைவரோட மகள்னு நடுவில் தெரியவருது. என் கருத்து இதுதான்: இது கிளப் கதையே இல்லை. கோடீஸ்வரன் காதல் கதையில் கோட்டைக் கழற்றிட்டுக் கையில்லாத தோல் சட்டை (வெஸ்ட்) மாட்டிவிட்டிருக்காங்க. பைக்கைத் தூக்கிட்டு காரை வச்சாலும் ஒரு வரி மாறாது. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, குறை நாவல்லயா என்கிட்டயா? ஸ்பாய்லர் பரவாயில்லை, கடைசி அத்தியாயத்தை முதல்லயே பார்த்துட்டேன்.

ஒத்தைசீட் | 04.02.2024, இரவு 11.15

நாவலில்தான். ஆனால் பைக்கை எடுத்துவிட்டால் ஒரு வரி மாறாது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. மாறியிருக்க வேண்டும், ஆசிரியர் மாறவிடவில்லை.

மூன்றாம் அத்தியாயம். லாஸ் வேகஸிலிருந்து ரீனோவுக்கு இருவரும் இரவோடு இரவாக ஓடுகிறார்கள். நெடுஞ்சாலை 95 வழியாக ஏறத்தாழ 440 மைல். வண்டி ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் ஃபார்ட்டி-எய்ட் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். அதில் இருப்பது சின்ன 'பீனட்' டேங்க், 8 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் 90, மிஞ்சினால் 100 மைல். லாஸ் வேகஸிலிருந்து பீட்டி என்கிற ஊருக்கே 115 மைல். அதாவது வழியில் பெட்ரோல் போடாவிட்டால் பீட்டி எட்டுவதற்கு முன்பே வண்டி நின்றுவிடும். நாவலில் விடியும்வரை ஒரு சொட்டு பெட்ரோல் போடவில்லை.

கணக்கு தப்பியதைவிட, கையில் விழுந்த வாய்ப்பைத் தவறவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை. 70 மைல் வேகத்தில் பின்னால் இருப்பவள் காதோரம் கிசுகிசுத்தால் காற்றிரைச்சலில் ஓட்டுபவனுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேராது. தொடையைத் தட்டினால் நிறுத்து, தோளைத் தட்டினால் திரும்பிப் பார், அவ்வளவுதான் பாஷை. அப்படியென்றால் பேச்சு நடக்கக்கூடிய இடம் பெட்ரோல் பங்க் மட்டுமே. பீட்டி, டோனோபா, ஹாதோர்ன் என்று ஏறத்தாழ நூறு மைலுக்கு ஒன்றாக வரும் ஊர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு நிமிடப் பேச்சு, பிறகு அதை அசைபோட ஒன்றரை மணி நேர மௌனம். காதல் கதை எழுதுகிறவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்குமா? இவர் அந்த மௌனம் முழுவதையும் முத்தப் பேச்சால் நிரப்பிவிட்டார்.

ஆயில்கறை | 05.02.2024, காலை 7.02

ஃபார்ட்டி-எய்ட்ல அவ எங்க உட்கார்ந்தா? அது கம்பெனியிலிருந்தே ஒத்தை சீட்டோட வர்ற வண்டி. பின்னாடி ஃபுட்ரெஸ்ட்டும் கிடையாது. பின் மட்கார்டு மேல உட்கார்ந்து 440 மைல் போனாளா!

இன்னொண்ணு. 'வலது பக்கம் சுற்றி வந்து வெறுங்காலோடு ஏறினாள்'னு ஒரு வரி. அந்த மாடல்ல ரெண்டு சைலன்சரும் வலது பக்கம். சைடு ஸ்டாண்டு இடது பக்கம், வண்டி இடதா சாய்ஞ்சு நிக்கும். ஏறுறது இடது பக்கமாத்தான். வலது பக்கமா ஏறினா கெண்டைக்கால்ல கொப்புளம், அதோட அந்த அத்தியாயம் முடிஞ்சுடும்.

'ஆர்பிஎம் முள் ஒன்பதாயிரத்தைத் தொட்டது' வேற. அந்த ஸ்போர்ட்ஸ்டர் எஞ்சின் 6,000 பக்கத்துலயே மூச்சடைச்சுரும்.

ஒத்தைசீட் | 05.02.2024, காலை 8.30

ஒத்தை சீட் விஷயத்தை நான் எடுக்காதது என் பெயருக்கே அவமானம். பின் சீட்டும் ஃபுட்ரெஸ்ட்டும் தனியாக வாங்கிப் பூட்டலாம் என்பது உண்மை. ஆனால் பூட்டியிருக்கிறானா என்பதே கதைக்கு ஒரு தகவல். 'என் பின்னால் யாரும் உட்கார்ந்ததில்லை' என்று நாயகன் பக்கம் பக்கமாகப் புலம்புவதற்குப் பதில், அந்த இரவு கிளம்புவதற்கு முன் அவன் ஸ்பானரை எடுத்துப் பின் சீட்டைப் பூட்டினால் போதும்.

சைலன்சர் பற்றி மட்டும் ஒரு திருத்தம்: எல்லா ஹார்லியிலும் வலது பக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோட் கிங் போன்ற நீளப்பயண வண்டிகளில் இரண்டு பக்கமும் குழாய் வரும்.

ஒத்தைசீட் | 05.02.2024, பிற்பகல் 1.10

ஹெல்மெட்டை விட்டுவிட்டோம். அட்டைப்படத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவள் கூந்தல் காற்றில் பறக்கிறது. நெவாடாவில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும், எந்த வயதானாலும், ஹெல்மெட் கட்டாயம். கலிஃபோர்னியாவிலும் அப்படியே. பக்கத்து அரிசோனாவில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான். கூந்தல் பறந்தே தீர வேண்டுமென்றால் கதையை அரிசோனாவுக்கு நகர்த்தியிருக்கலாம். இருக்கையின் பையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் போய்ப் போலீஸை வலியக் கூப்பிடுகிற சார்ஜென்ட்டை எந்தக் கிளப்பும் சார்ஜென்ட்டாக வைத்துக்கொள்ளாது.

ரெண்டாம்வாசிப்பு | 05.02.2024, மாலை 6.48

நீங்க ரெண்டு பேரும் சர்வீஸ் கையேட்டை வச்சு நாவல் படிக்கிறீங்க. இந்த வகையை வாசிக்கிறவங்க முக்கால்வாசிப் பேருக்கு டேங்க் எத்தனை லிட்டர்னு கவலையே இல்லை. எனக்கு உறுத்தினது வேற. அவ முதுகுல 'இன்னாருடைய உடைமை'ன்னு பேட்ச் தைச்ச வெஸ்ட்டை மாட்டுறான், அவ அழுதுகிட்டே சந்தோஷப்படுறா. இது நிஜத்துல உண்டா, இல்ல ஆசிரியரோட கற்பனையா?

ஒத்தைசீட் | 05.02.2024, இரவு 10.25

நிஜத்தில் உண்டு. எல்லாக் கிளப்பிலும் இல்லை, உள்ள இடத்திலும் எல்லாப் பெண்களும் போடுவதில்லை. தங்கள் விதிக்கு மட்டுமே கட்டுப்படுகிற பழைய, பெரிய 'அவுட்லா' கிளப்புகளில் பெண் உறுப்பினர் கிடையாது. மனைவிக்கும் காதலிக்கும் கூட்டத்தில் இடமில்லை, ஓட்டும் இல்லை. அந்த வெஸ்ட் சொல்வது 'இவள் மேல் கை வைத்தால் இன்னாருக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்பது. பாதுகாப்பு வருகிறது, கூடவே அவமானமும் வருகிறது, இரண்டும் ஒரே துணியில். அழுகையில் எனக்குக் குறை இல்லை. ஒரு நர்ஸ், தன் பெயர் பொறித்த அட்டையை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவள், முதுகில் இன்னொருவன் பெயரை மாட்டும்போது ஒரு வரிகூட யோசிக்கவில்லை என்பதுதான் குறை.

லிட்டர் பற்றிய கிண்டலை ஏற்றுக்கொள்கிறேன். பைக் பிழைகளை இந்த வகை நாவலில் மன்னிக்கலாம் என்றே இப்போது தோன்றுகிறது. மன்னிக்க முடியாதது பேட்ச் விவகாரம். அதற்கு நீளமாக எழுத வேண்டும்.

ஒத்தைசீட் | 06.02.2024, இரவு 9.05

ஒரு அவுட்லா கிளப்பின் வெஸ்ட் முதுகைப் பாருங்கள். மேலே வளைவாகக் கிளப் பெயர். நடுவில் சின்னம். கீழே வளைவாக எல்லை, பெரும்பாலும் மாநிலத்தின் பெயர். பக்கத்தில் 'எம்.சி.' (மோட்டார்சைக்கிள் கிளப்) என்று சின்னச் சதுரம். மூன்று துண்டும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கூடச் சுற்றித் திரிபவன். பிறகு 'ப்ராஸ்பெக்ட்': காவல் நிற்பான், வண்டி கழுவுவான், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவான், ஓட்டு மட்டும் கிடையாது. இது பல மாதம், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் போகும். அதன்பின் முழு உறுப்பினர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள். பல கிளப்புகளில் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் வேண்டாம்தான். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சர்ச்'. கதவு சாத்தியிருக்கும், செல்போன்கள் வெளியே இருக்கும்.

இப்போது நாவலுக்கு வாருங்கள். பதினெட்டாம் அத்தியாயத்தில் நாயகனின் தம்பிக்குத் தலைவர் தனியாக, மதுக்கூடத்தில், தோளைத் தட்டி முழுப் பேட்சையும் கொடுக்கிறார். ஓட்டெடுப்பு இல்லை. இருபத்தி நான்கில் நாயகி நேராகச் சர்ச்சுக்குள் நுழைந்து, 'அன்பை விடப் பெரிய விதி இல்லை' என்று ஒரு சொற்பொழிவு செய்கிறாள், தாடிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எதிரியின் மகள் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

கதையே அங்கே செத்துப்போனது. எதிரி கிளப் தலைவரின் மகளைக் காதலித்தால் அவனுக்கு என்ன விலை? அந்த மேசையைச் சுற்றி உட்காரும் பத்துப் பதினைந்து பேரில் ஒருவனுடைய 'வேண்டாம்'. அந்த ஒருவன் யார், அவனுக்கு என்ன பகை, அவனை எப்படிச் சரிக்கட்டுவது, முடியாவிட்டால் என்ன செய்வது என்று இருநூறு பக்கத்தை இழுக்கலாம். அவள் உள்ளே போகக் கூடாது. கதவுக்கு வெளியே, செல்போன் பெட்டிக்குப் பக்கத்தில், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே நடப்பது அவளுக்கும் நமக்கும் தெரியக் கூடாது. நாயகன், நாயகி என இரட்டைப் பார்வையில் மாறி மாறி எழுதியதால் அவன் வாயால் உள்ளே நடந்ததைச் சொல்லியாக வேண்டுமென்றால், அந்த அத்தியாயத்தை அவள் பார்வைக்குக் கொடுத்தால் தீர்ந்தது.

ஆக, கடைசிப்பக்கம் சொன்ன 'கோடீஸ்வரன் கதை' சரியாகப் பொருந்துகிறது. கோடீஸ்வரனுக்கு மேலே யாரும் இல்லை, நினைத்ததைச் செய்வான். கிளப்காரனால் முடியாது.

கடைசிப்பக்கம் | 06.02.2024, இரவு 9.31

கீழே வர்ற எல்லைப் பேட்ச்: நாவலில் எதிரி கிளப்பும் 'நெவாடா'ன்னே போட்டிருக்கு, ரெண்டு பேரும் ஒரே ஹோட்டல்ல சாப்பிடுறாங்க. அது சகஜமா?

ஒத்தைசீட் | 06.02.2024, இரவு 9.50

சகஜமில்லை. கீழ்ப் பேட்ச் என்பது உரிமை கொண்டாடல். 2015 மே 17 அன்று டெக்சஸின் வேகோ நகரில் ஓர் உணவகத்தில் பாண்டிடோஸ், காசாக்ஸ் கிளப்புகளுக்குள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 9 பேர் செத்தார்கள். 'டெக்சஸ்' என்ற கீழ்ப் பேட்சை யார் போடலாம் என்பது அந்தப் பகைக்கான காரணங்களில் ஒன்றாகப் பரவலாகச் சொல்லப்பட்டது. 170-க்கும் மேற்பட்டவர்கள் கைது. 2019-க்குள் எல்லா வழக்கும் கைவிடப்பட்டது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நாவலில் அதே பேட்சோடு உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுகிறார்கள். நடுவில் யாராவது ஒருமுறை முறைத்திருக்கலாம்.

ரெண்டாம்வாசிப்பு | 07.02.2024, காலை 6.55

'ஒரு சதவீதம்' பேட்ச் எப்படி வந்ததுன்னு நாவல் முன்னுரையில இருக்கே: 1947-ல ஹாலிஸ்டர் கலவரம், 'எங்கள் உறுப்பினர்களில் 99 சதவீதம் பேர் நல்லவர்கள்'னு மோட்டார்சைக்கிள் சங்கம் அறிக்கை விட்டது, மிச்ச ஒரு சதவீதம் நாங்கதான்னு கிளப்காரங்க பெருமையா மாட்டிக்கிட்டாங்க. இதுவாவது சரியா?

ஒத்தைசீட் | 07.02.2024, காலை 7.40

பாதி. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டரில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது நடந்ததுதான், பீர் பாட்டில்களுக்கு நடுவே பைக்கில் சாய்ந்திருப்பவரின் படத்தை லைஃப் பத்திரிகை போட்டதும் உண்மை. அந்த 99 சதவீத அறிக்கையை வெளியிட்டதற்குத் தங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்று அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் பிறகு சொல்லியிருக்கிறது. பேட்ச் நிஜம், அதன் பிறப்புக் கதை சந்தேகம். ஆசிரியர் முன்னுரையில் வைக்காமல் ஒரு கிழட்டு உறுப்பினர் வாயில் வைத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆயில்கறை | 07.02.2024, இரவு 8.15

இறுதி ஊர்வலத்துல ரெண்டு ரெண்டு பைக்கா ஒட்டி ஒட்டிப் போறாங்கன்னு எழுதியிருக்கு. அதுவும் தப்பு. பயிற்சி வகுப்புல சொல்றது மாறி மாறி, குறுக்காப் போகணும்னு. மூலைவிட்டத்துல முன்னாடி இருக்கிறவருக்கு ஒரு நொடி இடைவெளி, நேர் முன்னாடி இருக்கிறவருக்கு ரெண்டு நொடி. வளைவு வந்தா ஒத்தை வரிசை.

ஒத்தைசீட் | 07.02.2024, இரவு 8.40

பயிற்சி வகுப்புக்கு அது சரி. பெரிய கிளப்புகள் தோளோடு தோள், இறுக்கமாகத்தான் போகும். தலைவர் முன்வரிசை இடது, கூடவே பயணத்தை வழிநடத்துகிற ரோட் கேப்டன், பின்னால் பதவி வரிசைப்படி, ப்ராஸ்பெக்டுகள் கடைசியில். ஆபத்தானதுதான், அந்த ஆபத்தைக் காட்டுவதற்கே அப்படிப் போகிறார்கள். இந்த ஒரு காட்சியை ஆசிரியர் நன்றாகச் செய்திருக்கிறார், விட்டுவிடுங்கள்.

ஆயில்கறை | 07.02.2024, இரவு 8.44

விட்டாச்சு.

ஒத்தைசீட் | 08.02.2024, இரவு 10.00

குண்டடிக் காட்சி. நாயகனுக்கு இடது தோளில் சுடப்படுகிறது, பில்லியர்ட்ஸ் மேசையில் படுக்கவைத்து நாயகி பெல்ட்டால் மேல் கையை இறுக்குகிறாள், விஸ்கியை ஊற்றுகிறாள், குண்டைத் தோண்டி எடுக்கிறாள்.

மருத்துவமனைக்குப் போகாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குண்டுக் காயத்தோடு யார் வந்தாலும் மருத்துவமனை போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த வகை நாவல்களில் பாதி நாயகிகள் நர்ஸாகவோ கால்நடை டாக்டராகவோ இருப்பது அதனால்தான். ஆனால் அவசரப் பிரிவு நர்ஸ் இப்படிச் செய்யமாட்டாள். இறுக்குக்கட்டு கைக்கோ காலுக்கோ, காயத்துக்கு 2 முதல் 3 அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல் போடுவது. போட்ட நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். தோளில் காயம் என்றால் அதற்கு மேலே கட்ட இடமே இல்லை. துணியைக் காயத்துக்குள் திணித்து, முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும், நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. விஸ்கி திசுவை மேலும் கெடுக்கும். உள்ளே தங்கிய குண்டை டாக்டர்களே பல நேரம் எடுக்காமல் விட்டுவிடுவார்கள், தோண்டினால் ரத்தம்தான் கூடும்.

ஆயில்கறை | 08.02.2024, இரவு 10.09

மறுநாள் காலையில வண்டி ஓட்டுறான். க்ளட்ச் இடது கை.

ஒத்தைசீட் | 08.02.2024, இரவு 10.12

அதைத்தான் அடுத்து எழுத வந்தேன்.

கடைசிப்பக்கம் | 10.02.2024, பகல் 11.20

சரி, முடிவைப் பத்திப் பேசுவோம். அவளுக்காகக் கிளப்பை விட்டு வர்றான், வெஸ்ட்டைத் தீயில போடுறான், ரெண்டு பேரும் சூரிய உதயத்தை நோக்கிப் போறாங்க. எனக்கு அது மட்டும் பிடிச்சிருந்தது. அதையும் உடைச்சுருங்க.

ஒத்தைசீட் | 10.02.2024, மதியம் 12.45

உடைக்கத்தான் வேண்டும். பேட்ச் அவனுடையது இல்லை, கிளப்பின் சொத்து. விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்லபடியாக விலகியவன் பச்சைக் குத்தலோடு வெளியேறிய தேதியைச் சேர்த்துக் குத்திக்கொள்வது சில கிளப்புகளில் வழக்கம். கெட்ட பெயரோடு துரத்தப்பட்டவன் அதை மூடிக் கறுப்பாக்க வேண்டும், பழைய நண்பர்கள் ஒருவரும் பேசக் கூடாது, சில இடங்களில் வண்டியும் போய்விடும். பேட்சை எரித்தவன் நிம்மதியாக விடியலைப் பார்க்கப் போகமாட்டான்.

அந்தத் துணிக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய ஒரு வழக்கு: மங்கோல்ஸ் கிளப்பின் சின்னத்தின் மீதுள்ள வணிகக்குறி உரிமையையே பறிமுதல் செய்ய அமெரிக்க அரசு பல வருடம் முயன்றது. 2019 ஜனவரியில் ஜூரி அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. அடுத்த மாதமே நீதிபதி, பேச்சுரிமைக்கு எதிரானது, தண்டனையும் அளவுக்கு மீறியது என்று தடுத்துவிட்டார். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசுக்குச் சின்னம் கிடையாது என்றது. அரசாங்கமே கழற்ற முடியாத துணியை இவன் நெருப்பு மூட்டி எரித்துவிட்டுப் போகிறான்.

காட்சியை மாற்ற ஒரு நிமிடம் போதும். மேசைக்கு வருகிறான், கழற்றுகிறான், முதுகுச் சின்னம் மேலே தெரியும்படி மடித்து வைக்கிறான். யாரும் பேசவில்லை. எந்தக் கை அதை எடுக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு கணம் நிற்கிறான். நெருப்பைவிட இதற்கு அதிகம் கண்ணீர் வரும், செலவும் இல்லை.

ரெண்டாம்வாசிப்பு | 10.02.2024, மாலை 5.30

இவ்வளவு சுலபமா சரிபண்ண முடியும்னா எழுதினவங்க ஏன் பண்ணலை? 540 பக்கம் எழுத நேரம் இருந்திருக்கே.

ஒத்தைசீட் | 10.02.2024, இரவு 9.15

540 பக்கம்தான் காரணத்தில் பாதி. இந்த வகையின் பெரும்பகுதி அமேசானின் கிண்டில் சந்தாவில் ஓடுகிறது. 2015 ஜூலையிலிருந்து அங்கே வாசித்த பக்கத்துக்குத்தான் காசு, பக்கத்துக்குப் பெரும்பாலும் அரை சென்ட்டுக்கும் கீழே. 540 பக்கத்தையும் ஒருவர் படித்து முடித்தால் எழுதியவருக்கு ஏறத்தாழ இரண்டரை டாலர்தான் தேறும். மின்நூலை 90 நாள் வேறு எங்கும் விற்கவும் கூடாது. அடுத்த புத்தகம் சீக்கிரம் வந்தால்தான் வாசகர் கைவிட்டுப் போகமாட்டார். அதனால் முதல் புத்தகம் சார்ஜென்டுக்கு, இரண்டாவது ரோட் கேப்டனுக்கு, மூன்றாவது ப்ராஸ்பெக்ட் தம்பிக்கு என்று வரிசையாக ஜோடி சேர்ப்பார்கள். பதினெட்டாம் அத்தியாயத்தில் தம்பிக்கு அவசரமாகப் பேட்ச் கொடுத்தது அவனை மூன்றாம் புத்தகத்துக்கு நாயகனாக்கத்தான். ஓட்டெடுப்பு வைத்தால் யாராவது ஒருவன் எதிர்க்க வேண்டும், எதிர்த்தவன் வில்லனாவான், வில்லனுக்குப் பிறகு ஜோடி சேர்க்க முடியாது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: எதிர்த்தவனுக்கு ஜோடி சேர்ப்பதுதான் நல்ல மூன்றாம் புத்தகம். 'வேண்டாம்' சொன்னவனே நாயகன்.

கடைசிப்பக்கம் | 11.02.2024, காலை 8.05

அதை யாராவது எழுதினா முதல் ஆளா வாங்குவேன். நிஜக் கிளப் பேரை வச்சே எழுதலாமே, ஏன் எல்லாரும் கற்பனைப் பேரா வைக்கிறாங்க? பயமா?

ஒத்தைசீட் | 11.02.2024, காலை 8.50

பயம் அடிதடிக்கு இல்லை, வக்கீல் நோட்டீஸுக்கு. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன் பெயரையும் சிறகு வைத்த மண்டையோட்டையும் வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருக்கிறது. 2010-ல் அலெக்சாண்டர் மெக்குயின் ஃபேஷன் நிறுவனத்தின் மேலேயே அந்தச் சின்னத்துக்காக வழக்குப் போட்டது. கற்பனைப் பெயர் வைக்கலாம், ஆனால் வைத்த பெயர் நிஜத்தில் எங்காவது இருக்கிறதா என்று வணிகக்குறிப் பதிவேட்டில் தேடிவிட்டு வைப்பது நல்லது. அட்டைப்படம் வரைபவரிடமும் சிறகு, மண்டையோடு இரண்டையும் சேர்க்காதே என்று சொல்லிவிட வேண்டும்.

ஆயில்கறை | 11.02.2024, இரவு 7.20

கடைசியா ஒரு சந்தேகம். இருபதாம் அத்தியாயத்துல கீழே விழுந்த வண்டியை அவ ஒத்தையாத் தூக்குறா. ஸ்போர்ட்ஸ்டர் 250 கிலோ. இதையும் கேலி பண்ணலாமா?

ஒத்தைசீட் | 11.02.2024, இரவு 7.45

கூடாது, முடியும். ஹேண்டிலைப் பிடித்து முன்னால் இருந்து இழுத்தால்தான் முடியாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிட்டு கியரில் போட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுக்கத் திருப்பி, முதுகைச் சீட்டில் கொடுத்து உட்கார்ந்த நிலையில் ஒரு கையால் ஹேண்டில் பிடி, இன்னொரு கையால் பின் சட்டம். முதுகு நேராக, காலால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் எழுந்துவிடும். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய நர்ஸுக்குக் காலால் தூக்குவது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாவலில் அவள் முதுகைக் கொடுத்துத்தான் தூக்குகிறாள், போய்ப் பாருங்கள்.

கடைசிப்பக்கம் | 11.02.2024, இரவு 8.02

பார்த்தேன். முதுகைக் கொடுத்துத்தான் தூக்குறா. அப்போ எனக்கு 5-க்கு 2 நட்சத்திரம், உங்களுக்கு?

ஒத்தைசீட் | 11.02.2024, இரவு 8.10

இரண்டரை. அரை நட்சத்திரம் இறுதி ஊர்வலத்துக்கு. ரோட் கேப்டன் புத்தகத்தைச் சந்தாவில் எடுத்து வைத்திருக்கிறேன், முதல் பக்கத்திலேயே கிக் அடித்து 2015 ஹார்லி டைனாவை ஸ்டார்ட் பண்ணுகிறான். அதில் கிக்கரே கிடையாது.